பை முதலில் புறப்பட்டது

சண்டிலிப்பாயில் அந்த ஒழுங்கையில் இருக்கும் எல்லாருக்கும் சண்முகநாதனின் பயணப் பையைத் தெரியும். தவிட்டு நிறம், இரண்டு தோள்வார், ஒரு பக்கத்துச் சிப் பாதியில் நின்றுவிடும். கலியாணம் கட்டிய வருடம் வாங்கிய பை. முப்பத்திரண்டு வருடமாக அது பயணம் போய்க்கொண்டேயிருக்கிறது. ஆனால் கிழக்குப் பக்கத்து வீட்டு நேசையா மாஸ்ரரின் விறாந்தையைத் தாண்டி அது போனதை யாரும் கண்டதில்லை.

விஷயம் இதுதான். பயணம் போகிற நாளில் நல்ல நேரம் அமையாவிட்டால், முதல் நாளே ஒரு நல்ல நேரம் பார்த்து, போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் பையைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். பை புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. அடுத்த நாள் எந்தக் கெட்ட நேரத்தில் வெளிக்கிட்டாலும் தோஷம் இல்லை. ஆனால் புறப்பட்ட பை பிறகு வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது. திரும்பினால் பயணம் அவ்வளவுதான்.

நேசையா மாஸ்ரர் மெதடிஸ்ற் சபைக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் சாரணர் படை நடத்தியவர். அவருக்கு ராகுகாலமும் இல்லை, சூலமும் இல்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனின் பைக்கு விறாந்தையில் ஒரு கதிரையை ஒதுக்கி வைத்திருந்தார். "என்ரை வீட்டுக்கு வாற ஆக்களிலை சத்தம் போடாமல் இருக்கிறது உந்தப் பை ஒண்டுதான்" என்பார்.

சண்முகநாதன் அரச கந்தோர் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நம்பியவை இரண்டு: ஒன்று பத்திரம், மற்றது பஞ்சாங்கம். கந்தோரில் ஒரு பத்திரம் குறைந்தால் வந்தவரைத் திருப்பி அனுப்புவார். வீட்டில் நேரம் குறைந்தால் தன்னைத்தானே திருப்பி அனுப்பிவிடுவார். கண்டிக்குப் போக வெளிக்கிட்டபோது பல்லி சொல்லிவிட்டது. திருகோணமலைக்குப் போகப் படலையைத் திறந்த நேரம் மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்கை அண்ணை போறியள்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியோடு திருகோணமலை போயிற்று. அதோடு அந்த மீன்காரரிடம் மீன் வாங்குவதும் போயிற்று.

அவரைச் சும்மா சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. வாழ்க்கையில் ஒரேயொரு முறை அவர் நேரம் பார்க்காமல் வெளிக்கிட்டிருக்கிறார்: சண்டைக் காலத்தில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தபோது. மழைக்குள் ஒரு இரவு முழுக்க நடந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கூரை இல்லை. அதற்குப் பிறகுதான் பஞ்சாங்கம் அவருடைய தலைமாட்டுக்கு வந்தது. அதைப்பற்றி அவர் யாரோடும் கதைப்பதில்லை.

பை திரும்பி வரும்போதெல்லாம் அதை அவிழ்ப்பது மனைவி குணலட்சுமியின் வேலை. மடிப்புக் கலையாத சேலைகளை எடுத்து மறுபடியும் அலுமாரியில் வைப்பாள். பூச்சி உருண்டை மணம்கூட மாறியிருக்காது. அவள் புவியியல் ரீச்சர். சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு வலசை வரும் பூநாரைகளை முப்பது வருடம் கரும்பலகையில் இளஞ்சிவப்புச் சோக்கால் கீறிப் படிப்பித்தவள். "ரீச்சர், நீங்கள் பாத்தனீங்களோ?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். "இன்னும் இல்லை" என்பாள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு முனையில் இருந்துகொண்டு மற்ற முனைக்குப் போகாதவள் அந்தப் பாடத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

இந்த வருடம் அவளுடைய வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்று டொக்டர் முடிவு சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு மணலில் தூர நடை கிடையாது. பூநாரைகள் கூட்டமாக எழும்புவது விடியற்காலையில். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவின் வாசலோ வெயில் வந்த பிறகுதான் திறக்கும். ஆகவே முதல் நாளே உள்ளே நடந்துபோய், கூடாரம் அடித்து, இரவு தங்கினால்தான் பார்க்கலாம். அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். இதையெல்லாம் குணலட்சுமியே விசாரித்து வைத்துவிட்டு, ஒரு நாள் தேத்தண்ணியைக் கொடுத்தபடி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை விட்டால் பிறகு எனக்குக் கரும்பலகையிலை கீறினதுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கோபிக்கவில்லை. சண்முகநாதனுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

பத்திரம் எடுப்பது அவருடைய துறை. நான்கு நாள் இருந்து விண்ணப்பம் தயாரித்தார். யாழ்ப்பாணத்துப் பூங்காக் கந்தோரில் இருந்த செந்தூரன் என்ற இளம் உத்தியோகத்தர் அந்தக் கட்டைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார்.

"ஐயா, இது என்ன?"

"விண்ணப்பம். மூண்டு பிரதி."

"ஒரு பக்கம் நிரப்பினால் காணும் ஐயா. போனிலையே அனுப்பியிருக்கலாம்."

"போனிலை அனுப்பினால் ஆர் ஒப்பம் வைக்கிறது?"

செந்தூரன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், கோயில் தர்மகர்த்தாவின் நற்சான்று. அதற்குக் கீழே வந்த தாளில் அவர் கை நின்றது.

"இது... கலியாணப் பதிவு."

"இரவு தங்கல் எண்டால் கேப்பியள்தானே" என்றார் சண்முகநாதன் கம்பீரமாக.

செந்தூரன் இருமிக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்ததும் விதிகளைச் சொன்னார். நெருப்பு மூட்டக்கூடாது. வழிகாட்டி ஒருவர் கூட வருவார். போகிற நாள் பின்னேரம் மூன்று மணிக்கு முன் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அனுமதிப் பத்திரமும் அடையாள அட்டையும் கையில் இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் சண்முகநாதனுக்கு அந்தக் கந்தோர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"முதலை இருக்கோ தம்பி?"

"இருக்கு ஐயா."

"பெர்மிற் உள்ள ஆக்களை என்ன செய்யும்?"

"அதுகள் பெர்மிற் பாக்கிறேல்லை ஐயா. தண்ணிக் கரையிலை நிக்காதேங்கோ."

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் வந்தது. இரவு தங்க ஒரு நாளைக்கு இரண்டு கூட்டத்துக்குத்தான் இடம். சத்திரசிகிச்சைக்கு முன் மிச்சம் இருந்தது ஒரேயொரு சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திசையில் பயணமே ஆகாது. சுண்டிக்குளமோ சண்டிலிப்பாய்க்குக் கிழக்குப் பக்கம்.

"ஐயாவுக்கு வேறை நாள் வேணுமோ? அடுத்த வருசம்தான் பாக்கலாம்" என்றார் செந்தூரன்.

சண்முகநாதன் சுவரைப் பார்த்தார். பூங்காவின் படங்களில் ஒன்றில் பூநாரை ஒற்றைக் காலில் நின்றது. "சனியையே போடுங்கோ" என்றார். பை இருக்கிறதே!

நேசையாவுக்கு இது பெரிய பகிடியாகப் போய்விட்டது. தன்னுடைய சாரணர் காலத்துக் கூடாரத்தைத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டே, "ஐசே, அந்த நாளையிலை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியிலை போகப் பாஸ் எடுத்தனாங்கள். இப்ப நீர் காட்டுக்குள்ளை போய்ப் படுக்கப் பாஸ் எடுக்கிறீர்" என்றார். மனைவி வினிபிரட் கூடாரத்தை மணந்து பார்த்துவிட்டு வெயிலில் இன்னும் இரண்டு நாள் போடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல நேரத்தில் பை புறப்பட்டது. உள்ளே போர்வை, மாற்றுடுப்பு, டோர்ச், குணலட்சுமி இரண்டு நாளாகச் சுட்ட பயத்தம் பணியாரம். பயணத்துக்கு மிக முக்கியமான பொருள் பையோடு முதலில் போக வேண்டும் என்பது சண்முகநாதனின் கொள்கை. ஆகவே பெர்மிற்றும் இரண்டு அடையாள அட்டைகளும் வைத்த நீளக் கடித உறையை மேலே செருகினார். குணலட்சுமி சிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். அது பாதியில் நிற்பதால் எப்போதும் அவள்தான் மூடுவாள். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து, நேசையாவின் விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

சனிக்கிழமை விடிந்தது. வான் எட்டரைக்கு வரும். ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கமுன் ஒழுங்கையைத் தாண்டிவிடலாம். சண்முகநாதன் திருநீறு பூசி, வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, பையை எடுக்க நேசையா வீட்டுக்குப் போனார். கதிரை இருந்தது. பை இல்லை.

நேசையா பின் வளவில் வாழைக்குலை ஒன்றை வெட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்ரர், என்ரை பை?"

"விறாந்தையிலை..." என்று தொடங்கியவர் கத்தியைக் கீழே போட்டார். "ஐயோ ஐசே. இண்டைக்கு எங்கடை அறுப்புப் பண்டிகை ஏலம்."

அன்று சபை மக்கள் பூசணிக்காய், தேங்காய், கோழி என்று காணிக்கை கொடுப்பார்கள். எல்லாவற்றையும் மெதடிஸ்ற் கோயில் வளவில் ஏலம் விடுவார்கள். வினிபிரட் விடியவே சமையலுக்கு உதவப் போகும்போது, காணிக்கை சேர்க்க உழவு இயந்திரத்தோடு வந்த ஜஸ்ரினிடம், "விறாந்தையிலை இருக்கிறதெல்லாம் எங்கடை காணிக்கைதான், ஏத்துங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஜஸ்ரின் சொன்னதைச் செய்கிற மனிதர். பூசணிக்காயை ஏற்றினார், பையையும் ஏற்றினார். கதிரையை விட்டுவிட்டுப் போனதே பெரிய காரியம்.

சண்முகநாதன் நேசையாவின் சைக்கிளைப் பறிக்காத குறையாக எடுத்து மிதித்தார். கோயில் வளவு நிறையச் சனம். பிறேம் என்ற குரல்வளமுள்ள மனிதர் ஒரு மர வாங்கில் ஏறி நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல காரியத்துக்கு என்பதால் ஒரு பூசணிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடுத்ததாக மேசையில் இருந்தது தவிட்டு நிறப் பை.

பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்த நேசையா, "சொல்லும் ஐசே, உம்மடை பை எண்டு. இப்பவே எடுத்துத் தருவினம்" என்றார்.

சண்முகநாதன் அவரைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. "என்ன மாஸ்ரர் கதைக்கிறியள்? ஜெபம் பண்ணியாச்சோ?"

"அது காலமையே பண்ணியாச்சு."

"அப்ப படைச்சாச்சு. எந்தச் சாமிக்கு எண்டாலும் படைச்ச பொருளைத் திருப்பிக் கேக்கேலாது. கேட்டு எடுத்துக்கொண்டு முதலை இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்லுறியளோ?"

நேசையா தன் ஊழியத்தில் எத்தனையோ பேரோடு வாதாடியவர். இந்த முறை தன் சட்டைப் பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று தடவிப் பார்த்தார்.

"அடுத்தது ஒரு பை!" என்றார் பிறேம். "உள்ளுக்கு என்ன எண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனால் மணம்... பயத்தம் பணியாரம், சகோதரரே, பயத்தம் பணியாரம்!"

நோர்வேயிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த பிரவீணன் முன்வரிசையில் நிமிர்ந்தார். அந்த மனிதர் பல வருடம் நல்ல பயத்தம் பணியாரம் கண்டிருக்கமாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கையை உயர்த்தினார். சண்முகநாதனும் உயர்த்தினார். பிரவீணன் ஏற்றினார், இவரும் ஏற்றினார். சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற சண்முகநாதன், நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து ஓட, மெதடிஸ்ற் கோயில் வளவில் கை இறக்காமல் நின்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் அவர்களுடைய வான் வந்து கோயில் படலையடியில் நின்றது. பை போன இடம் கேள்விப்பட்டு வந்த குணலட்சுமி இறங்கி, கைப்பையை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு, வேலியோரமாக நின்றாள். அவளைக் கண்டதும் சண்முகநாதன் கையை இன்னும் உயர்த்தினார். பெர்மிற் அந்தப் பைக்குள். மூன்று மணிக்கு வாசல். அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. இந்தக் கையை இறக்கினால் அவளுக்கு இந்தப் பிறப்பில் பூநாரை இல்லை. அவளுடைய முகம் ஒரு மாதிரிக் கோணிக்கொண்டிருந்தது. அழப்போகிறாள் என்றே நினைத்தார்.

"ஐயா பெரிய மனசோடை கேக்கிறார், நோர்வே விடுமோ?" என்று பிறேம் தூண்டினார். நோர்வே விடவில்லை.

சண்முகநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொது இடத்தில் சத்தம் போட்டார்.

"அவர் எவ்வளவு கேட்டாலும் அதுக்கு மேலை நான்! இரவானாலும் நிப்பன்! அது என்ரை மனுசிக்கு வேணும்!"

பிரவீணனின் மனைவி பிரவீணனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறேம் மணியை அடித்தார். நேசையா பணத்துக்குப் பொறுப்பு நிற்க, யாரோ கைதட்டத் தொடங்க, பை சண்முகநாதனின் தோளுக்கு வந்தது.

வானுக்குப் பக்கத்தில் வந்ததும்தான் அவருக்கு உறைத்தது. கோயில் இருப்பது மேற்கே. கிழக்கே புறப்பட்ட பை, உழவு இயந்திரத்தில் ஏறி, அவர் வீட்டு வாசலைத் தாண்டி, மேற்கே வந்து நிற்கிறது. புறப்பாடு முறிந்துவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது தாண்டிவிட்டது: ராகுகாலம். சனி, சூலம், முறிந்த பயணம், ராகுகாலம். இவ்வளவும் ஒரே நாளில் சேர்ந்ததை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் கால் வானுக்கு வெளியே நின்றுவிட்டது.

"குணம், கொஞ்சம் யோசிப்பம். பத்தரைக்குப் பிறகு மாஸ்ரர் வீட்டிலை திரும்ப வைச்சு எடுத்து..."

குணலட்சுமி பையை வாங்கி வானுக்குள் போட்டாள். நோகும் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி இருந்தாள்.

"நான் போறன்" என்றாள்.

போட்டு வாறன் என்று சொல்லவில்லை. போறன் என்றாள். செத்த வீட்டைத் தவிர வேறெங்கும் அந்த மனுஷி அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. வான் சாரதி ஸ்ரேறிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நேசையாவின் கூடாரக் கட்டுக் கிடந்தது. சண்முகநாதன் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், கடைசியில் ஏறினார். அவரை ஏற்றியது தைரியம் அல்ல. தனியே போனால் கூடாரம் அடிக்க அவளுக்குத் தெரியாதே என்ற எண்ணம்தான். கூடாரம் அடிக்க அவருக்கும் தெரியாது என்பது வேறு கதை.

பளை தாண்டி, மருதங்கேணிப் பக்கம் திரும்பி, மணல் பாதையில் வான் ஆடி ஆடிப் போனது. ரயர் காற்றுப் போகும், பாலம் உடைந்திருக்கும் என்று சண்முகநாதன் வழி முழுக்கக் காத்துக்கொண்டேயிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாசலுக்குப் போய்ச் சேரப் பின்னேரம் இரண்டு மணி. பஞ்சாங்கத்தைப் பார்த்தார்: எமகண்டம். மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதுவும் வந்துவிட்டது.

அன்று வாசல் கடமையில் செந்தூரன் நின்றார். "வாங்கோ ஐயா. பெர்மிற்?"

சண்முகநாதன் பையைத் திறந்து நீளக் கடித உறையை எடுத்து வெற்றியோடு நீட்டினார். செந்தூரன் உள்ளேயிருந்த தாளை விரித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாக மடித்தார்.

"ஐயா, இது கரண்ட் பில். கட்டின பில்தான், பிரச்சினை இல்லை. ஆனால்..."

சண்முகநாதன் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். அப்படியே பையின்மேல் இருந்துவிட்டார். "அப்பவே சொன்னனான், பயணம் முறிஞ்சு போச்செண்டு" என்ற குரல் அவருக்கே கேட்கவில்லை.

குணலட்சுமி கைப்பையைத் திறந்தாள். பெர்மிற், அடையாள அட்டை இரண்டு. எல்லாம் பத்திரமாக, சோக்குப் பெட்டி ஒன்றுக்குள். செந்தூரன் பதிந்துகொண்டு வழிகாட்டியைக் கூப்பிட உள்ளே போனார்.

"எப்ப எடுத்தனி?"

"நேற்றுச் சிப் மூடேக்கை. உந்தப் பையை நம்பி நான் எத்தினை தரம் சேலை அடுக்கியிருக்கிறன்? பெர்மிற்றையும் நம்பிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"அப்ப ஏலத்திலை..." அவர் பையைவிட்டு எழும்பினார். "ஏலத்திலை நான் அவ்வளவு கத்தேக்கை, அது உன்ரை கையிலையோ இருந்தது?"

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

குணலட்சுமி சோக்குப் பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். "சொல்லத்தான் வந்தனான். நீங்கள் கையை உயத்திக்கொண்டு நிண்டீங்கள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை எனக்கு ஒண்டு வேணுமெண்டு நீங்கள் நாலு பேருக்கு முன்னாலை கேட்டு நான் பாக்கேல்லை. கொஞ்சம் பாத்துக்கொண்டு நிப்பம் எண்டு நிண்டிட்டன்."

சண்முகநாதன் கோபிக்க முயற்சி செய்தார். கோபம் வரவில்லை. "பணியாரம் கொஞ்சம் எடு, பசிக்குது" என்றார். அவ்வளவு விலை கொடுத்த பயத்தம் பணியாரத்தை அந்த வாசலில் இருந்து இருவரும் தின்றார்கள். செந்தூரனுக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

பின்னேரம் முழுக்க நடை, இரண்டு பக்கமும் சரிந்த கூடாரம், நுளம்புக் கடி. அதையெல்லாம் விட்டுவிடலாம். விடியப்புறம் வழிகாட்டி மெல்லக் கூப்பிட்டார். நீரின் நடுவில் மங்கலாக நின்ற கோடு ஒன்று அசைந்தது. பிறகு அந்தக் கோடு முழுக்க எழும்பியது. வானத்தில் பாதி சிவந்து, அவர்கள் தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. சண்முகநாதன் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் கை தன்பாட்டில் மணிக்கூட்டுப் பக்கம் போய், பாதி வழியில் திரும்பி, மனைவியின் தோளில் நின்றது.

குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பறவை மறையும்வரை பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் அதுகளின்ரை காலைக் கட்டையாக் கீறிப்போட்டன்" என்றாள். "பிள்ளையளுக்குப் பிழையாப் படிப்பிச்சிருக்கிறன்."

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவள் குசினி வாசலில் இருந்து பையை அவிழ்த்தாள். நேசையாவும் வினிபிரட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேறு பிடித்த சேலை வந்தது. மணல் கொட்டுகிற அவருடைய சாரம் வந்தது. நுளம்பெண்ணெய் மணக்கும் போர்வை வந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒன்றையும் அலுமாரிப் பக்கம் கொண்டுபோகவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பையிலிருந்து தோய்க்க வேண்டிய உடுப்பு வந்தது அன்றைக்குத்தான்.